சிந்தாமணியின் ஜீப்பும் தண்ணி அடிக்கும் சின்னதுரையும்

கீழப்பழுவூரைச் சுற்றி சுண்ணாம்புக்கல் வெட்டும் பக்கமெல்லாம் சிந்தாமணியைத் தெரியாதவர் இல்லை. தெரியாது என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கம் அவர் பசியோடு வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். கல் உடைக்கும் கிரஷர், ரோடு போடும் இடம், மக்காச்சோளம் அறுக்கும் மெஷின் நிற்கும் புன்செய்க் கொல்லை என்று எங்கே பத்துப் பேர் கூடி வேலை செய்தாலும், உச்சிவெயில் ஏறும்போது அங்கே ஒரு பழைய டீசல் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நிற்கும். பின்கதவைத் திறந்தால் சோறு, சாம்பார், ரசம், ஒரு கூட்டு. வெள்ளிக்கிழமை என்றால் பாயசம்.

முதலில் மொபெட்டில்தான் தூக்குகளைக் கட்டிக்கொண்டு போனாள். சுரங்கத்துக்குப் போகும் பாதை மொபெட்டை மதிக்கவில்லை. ஒரு குழியில் விழுந்து ஒரு தூக்குச் சாம்பாரையும் பூமிக்குப் படைத்துவிட்டு வந்த அன்றைக்கே, இனி நான்கு சக்கரம்தான் என்று முடிவு செய்தாள். ரஞ்சன்குடியில் ஒரு பண்ணைக்காரர் கொட்டகையில் சும்மா நிறுத்தி வைத்திருந்த ஜீப்பைப் பேசி வாங்கினாள். ஓட்டுவது அவளுக்குப் புதிதில்லை. தா.பழூரில் பிறந்த வீட்டில், நடவுக்கு முன்னால் சேற்று வயலில் டிராக்டர் ஓட்டிப் பழகிய கை.

ஓட்டத் தெரியாதவர் அவள் வீட்டுக்காரர் சின்னதுரை. பெயர்தான் துரை; ஆள் எறும்பு வரிசைக்கும் வழிவிட்டு நடப்பவர். வேலைக்காலம் முழுக்க லாரி எடைமேடையில், கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து கழித்தவர். ஓய்வு பெற்ற கையோடு ஜீப்பை ஓட்டப் பழகுகிறேன் என்று ஏறினார். கிளட்சை விட்ட வேகத்தில் ஜீப் தவளை மாதிரித் தத்தித் தத்திப் போய் மாட்டுக்கொட்டகைக்குள் நின்றது. அன்றிலிருந்து ஸ்டியரிங் பக்கம் அவர் போகவில்லை. அந்த மாடும் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஆனாலும் ஜீப் கிளம்பினால் இடதுபக்க சீட்டில் அவர் இருப்பார். அதற்குக் காரணம் முன்கண்ணாடி.

அந்தப் பக்கத்துப் புழுதி சாதாரணப் புழுதி இல்லை. பாதி மண், பாதி சுண்ணாம்பு. எதிரே ஒரு கல் லாரி போனால் கண்ணாடி வெள்ளையாகிவிடும். மார்கழிப் பனியில் கேட்கவே வேண்டாம். வைப்பரைப் போட்டால் கொத்தனார் சுவர் பூசுவதுபோல் நன்றாக இழுத்துப் பூசிக் கொடுக்கும். கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுவதற்கென்று பானெட்டின் மேல் இரண்டு சின்ன பித்தளை ஜெட்டுகள் இருந்தன. வாங்கிய நாளிலிருந்தே அவை அடைத்துக் கிடந்தன. பொத்தானை அழுத்தினால் உள்ளே மோட்டார் மட்டும் ஙொய்யென்று அழும். ஒரு சொட்டு வராது.

ஆகவே அந்த வேலையைச் சின்னதுரை எடுத்துக்கொண்டார். பழைய குளிர்பான பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடியில் ஆணியால் துளை போட்டு மடியில் வைத்திருப்பார். சிந்தாமணி வேகத்தைக் குறைத்து, "தண்ணி!" என்பாள். அவர் உடம்பில் பாதியை வெளியே நீட்டி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, ஒரு சுழற்றுச் சுழற்றுவார். தண்ணீர் சரியாக அவள் பக்கத்துக் கண்ணாடியில் போய் விழும். நாளடைவில் இதில் அவருக்கு ஒரு கை வந்துவிட்டது. கிரஷரில் வேலை செய்கிறவர்கள் அவரைத் தண்ணி அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். வாழ்நாளில் சாராய வாடை படாத மனிதருக்கு இப்படி ஒரு பட்டப்பெயர்.

இதனால் ஒருமுறை அரியலூர் ரோட்டில் ஒரு சங்கடமும் வந்தது. வண்டிகளை மறித்துச் சோதித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவர் ஜீப்பை நிறுத்தினார். காகிதங்களைப் பார்த்துவிட்டு, மடியில் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த சின்னதுரையை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இவரு எதுக்கும்மா கூட?"

"தண்ணி அடிக்கங்க சார்," என்றாள் சிந்தாமணி.

"என்னது?"

"தண்ணி அடிக்கத்தான் கூட வராரு. காலையில கிளம்புனா வூடு திரும்புற வரைக்கும் அடிப்பாரு. இவரு அடிச்சாத்தான் சார் என்னால வண்டி ஓட்ட முடியும்."

போலீஸ்காரர் போய் ஊதும் கருவியை எடுத்து வந்தார். சின்னதுரை கன்னம் உப்ப ஊதினார். கருவி வாய் திறக்கவில்லை. மறுபடி ஊதச் சொன்னார். அப்போதும் இல்லை. அதற்குள் ஒரு லாரி புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போக, சிந்தாமணி பழக்க தோஷத்தில் "தண்ணி!" என்றாள். சின்னதுரையும் பழக்க தோஷத்தில் எம்பி ஒரு சுழற்றுச் சுழற்றினார். கண்ணாடி பளிச்சென்று ஆனது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

இப்படியே போயிருக்கும், மோர் வராமல் இருந்திருந்தால்.

ரோடு வேலையில் இருந்த ஒருவர் வயிறு சரியில்லை, தாளித்த மோர் வேண்டும் என்று கேட்டிருந்தார். சிந்தாமணி அதையும் ஒரு குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு, அதே பச்சை நிறம். ஒரு வளைவில் அடுத்தடுத்து மூன்று லாரிகள். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

"தண்ணி! தண்ணி! சீக்கிரம்!"

சின்னதுரை அவசரத்தில் கைக்கு வந்த பாட்டிலின் மூடியைத் திருகி எறிந்துவிட்டு, முழுசாக வீசினார். இருந்த கொஞ்ச நஞ்ச வெளிச்சமும் போயிற்று. சிந்தாமணி வைப்பரைப் போட்டாள். புழுதியும் மோரும் சேர்ந்து வெண்ணெய் மாதிரித் திரண்டன. ஒரு கறிவேப்பிலை இலை மட்டும் வைப்பரைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊஞ்சல் ஆடியது. ஜீப் ரோட்டை விட்டு இறங்கி, பருத்திக் கொல்லைக்குள் புகுந்து, வரப்பில் இடித்துக்கொண்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை. ரசம் மட்டும் பாதி சின்னதுரையின் வேட்டிக்குப் போனது.

கொல்லைக்காரர் பெரியசாமி களைக்கொத்தோடு ஓடி வந்தார். சாய்ந்த செடிகளைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு கம்மி," என்றார்.

சாய்ந்த பருத்திக்காக அவர் திட்டியிருந்தால் சிந்தாமணி தாங்கியிருப்பாள். அவள் சமையலைப் பற்றி அதுவரை அப்படி ஒருவரும் சொன்னதில்லை. வீட்டில் வந்து இறங்கும்போது சொன்னாள்: "அந்த ஜெட்ட இந்த வாரமே சரி பண்ணிடணும்."

"எதுக்கு சிரமம்?" என்றார் சின்னதுரை. "இத்தனை நாளா நல்லாத்தானே போயிட்டிருக்கு."

"ஆர்.சி. புதுப்பிக்கணும். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியப் பாத்து, தண்ணி எப்படி வருதுன்னு கேட்டா, உங்களக் காட்டவா?"

சின்னதுரைக்கு அதில் பெரிய தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை.

பெரம்பலூரில் பழைய ஜீப்புகளுக்கென்றே கடை வைத்திருந்தவர் ரஹ்மத்துல்லா. லப்பைக்குடிக்காட்டுக்காரர், சவூதியில் பாலைவனத்து வண்டிகளை ரிப்பேர் பார்த்தே தலை நரைத்தவர். சிந்தாமணி ஜீப்பை அவரிடம் கொண்டுபோனாள். அவர் பொத்தானை அழுத்திக் காது கொடுத்துக் கேட்டார். பானெட்டைத் திறந்து, ஜெட்டுக்குப் போகும் ரப்பர் டியூபைப் பிடுங்கிவிட்டு மறுபடி அழுத்தினார். டியூபிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"பாத்தீங்களா தங்கச்சி? மோட்டாரு நல்லா ஹயாத்தோட, உசுரோட இருக்கு. ஜெட்டு ரெண்டும்தான் மவுத்தாயிடுச்சு."

"புதுசு போட்டுடலாமா பாய்?"

"இந்த மாதிரி பித்தளை ஜெட்டு இப்ப வர்றதில்லம்மா. பிளாஸ்டிக்குல இருக்கு, உங்க ஓட்டைக்குச் சேராது. அடைச்சிருக்கிறது வேற ஒண்ணுமில்ல, உங்க ஊரு போர்த்தண்ணி. அதுவே பாதி சுண்ணாம்பு. காஞ்சு காஞ்சு கல்லாயிடுச்சு. வெளியிலேர்ந்து ஊசியப் போட்டுக் குத்திடாதீங்க. குப்ப உள்ள போய் உக்காந்துக்கும். கழட்டி, ஒரு ராத்திரி வினிகர்ல ஊறப் போட்டு, பின்னாலேர்ந்து ஊதுங்க. அப்புறம் டாங்க்குல மழத்தண்ணிதான் ஊத்தணும்."

"வினிகர் எதுக்கு பாய், பித்தளைதானே? புளி போட்டா?"

ரஹ்மத்துல்லா கொஞ்சம் யோசித்தார். "சவூதியில புளிக்கு எங்க போறதுன்னுதான் வினிகர் ஊத்துனோம். போடுங்க. இன்ஷா அல்லாஹ் அடைப்பு வுட்டுடும்."

மறுநாள் வேலை முடிந்து வந்து, வாசலில் புங்கமர நிழலில் ஜீப்பை நிறுத்தி இருவரும் உட்கார்ந்தார்கள். ஜெட்டுகளைக் கழற்றிப் புளிக்கரைசலில் போட்டாயிற்று. தண்ணீர் டாங்கைக் கழற்றித் திறந்தால் உள்ளே பச்சைப் பாசி, அதில் துள்ளும் புழுக்கள். "ஒரு ஏரியே இருக்கே புள்ள," என்றார் சின்னதுரை. சிந்தாமணி சோப்புத்தூள் போட்டு அதைக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினாள். டியூபின் ஒரு முனையில் அவர் வாய் வைத்து ஊத, மறுமுனையில் அடைப்பு எங்கே என்று அவள் எட்டிப் பார்த்தாள். அடைப்பு இருந்த இடம் அவளுக்கு உடனே தெரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் சமையலுக்குப் புளியைக் கரைத்து வைத்த கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே ஜெட் ஊறிய கிண்ணமும் இருந்தது. அவசரத்தில் அவள் எடுத்து அண்டாவில் சாய்க்கப்போக, ணங்கென்று ஒரு சத்தம். நல்லவேளை, கிண்ணத்தின் விளிம்பிலேயே ஜெட் தட்டியது. இல்லையென்றால் அன்று கிரஷர்க்காரர்கள் சாம்பாரோடு ஜீப் சாமானும் சாப்பிட்டிருப்பார்கள்.

ஆனால் ஜெட்டுகள் புதுப்பெண் மூக்குத்திபோல மின்னின. பின்னாலிருந்து ஊதியதும், பொக்கைவாயிலிருந்து கடைசிப் பல் விழுவதுபோல ஒரு சுண்ணாம்புத் துணுக்கு வெளியே வந்து விழுந்தது.

மாட்டியாயிற்று. இனி தண்ணீர் கண்ணாடியில் எங்கே விழவேண்டும் என்று குண்டூசியால் ஜெட்டின் மூக்கைத் திருப்பி வைக்கவேண்டும். சின்னதுரை உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்த வேண்டியது. அவள் வெளியே நின்று திருப்பவேண்டியது.

"அடிங்க!"

தண்ணீர் கண்ணாடியைத் தொடாமல் கூரைக்கு மேலே பறந்து, பின்னால் காயவைத்திருந்த மிளகாய்மேல் விழுந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! கொஞ்சம் இறக்குறேன். இப்ப அடிங்க."

இந்த முறை ஒன்று கண்ணாடியில் விழுந்தது. மற்றது அவள் காதுக்குள் போனது.

"நிறுத்துங்க!"

"நீதானே அடிங்கன்ன?"

"ஒரு தடவ அடிங்கன்னா ஒரு தடவதான் அடிக்கணும்! வருஷம் முழுக்கவா அடிப்பாங்க?"

"பாட்டிலுன்னா என் கையில இருக்கும். இது சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது," என்றார் அவர், உள்ளேயிருந்தே, பொத்தானிலிருந்து கையை எடுக்காமல்.

அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவழியாக இரண்டு ஜெட்டும் வழிக்கு வந்தன. பொத்தானை அழுத்தினால் இரண்டு மெல்லிய கம்பிகள் மாதிரித் தண்ணீர் எழுந்து, கண்ணாடியின் நடுவில் விழுந்து விரிந்தது. சிந்தாமணிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. சந்தோஷத்தில் வீட்டுக்காரருக்கு ஒரு நன்மை செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்:

"இனிமே நீங்க வெயில்ல அலைய வேண்டாங்க. வூட்டுல நிம்மதியா இருங்க."

மறுநாள் இடதுபக்க சீட்டில் சோற்று அண்டா உட்கார்ந்து போனது. சின்னதுரை கையில் பாட்டிலோடு வாசலில் நின்று வழியனுப்பினார்.

ஜெட் நன்றாக வேலை செய்தது. மற்றபடி அந்த நாட்கள் சிந்தாமணிக்குச் சுகப்படவில்லை. போகுமிடமெல்லாம், "அண்ணன் எங்கக்கா?" என்றார்கள். யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது, யாருக்கு ரசம் முதலில் வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்திருக்கிறது. அவள் சாம்பார் ஊற்றி முடிக்கும்போது வரிசையில் கடைசி ஆள் வெறும் சோற்றைப் பாதி தின்றிருந்தார். திரும்பி வரும் ரோடு எப்போதும் இருந்ததைவிட நீளமாக இருந்தது. ரோடு நீளுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வீட்டில் போய் அதைச் சொல்லவில்லை.

ஒரு காலை கிளம்பும்போது பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ஙொய்யென்றது. ஜெட்டின் மூக்கில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அழுத்த அழுத்த அதில் நுரை கட்டியது, கூடவே லேசாக ஒரு வாசனை. டாங்க் கழுவிய சோப்புத்தூளைச் சரியாக அலசவில்லை என்று நினைத்தாள்.

"பாவம், மெஷினுதானே," என்று பின்னால் குரல் கேட்டது. சின்னதுரை சலவைச் சட்டை போட்டு, தலைவாரி, நிரப்பிய பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். "நான் வரேன். பழகுன வேலதானே."

அன்று அவர் போனார். கிரஷரில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு, துபாயிலிருந்து வந்த மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைத்திருக்காது. மாலையில் சிந்தாமணி ஜெட்டைக் கழற்றிக் கழுவி மாட்டினாள். மறுநாள் அண்டா மறுபடி சீட்டில் ஏறியது.

ஆனால் கொஞ்ச நாளில் மறுபடி அடைத்தது. இந்தமுறை செம்மண். கழுவினாள். மறுபடி செம்மண். ஒவ்வொருமுறை அடைக்கும்போதும் சின்னதுரை பாட்டிலோடு வந்து ஏறிக்கொண்டார். "யாரோ கண்ணு வெச்சிருக்காங்க புள்ள," என்று ஒரு எலுமிச்சம்பழத்தையும் பச்சைமிளகாயையும் கம்பியில் கோத்து ஜீப்பின் முன்னால் கட்டினார். அதற்கு அடுத்த நாளும் செம்மண்தான்.

சிந்தாமணி ரஹ்மத்துல்லாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தங்கச்சி, ஷைத்தானுக்குக்கூட அவ்வளவு சின்ன ஓட்டையில வேல இருக்காதும்மா. வண்டி நிக்கும்போதுதான் எதுவோ நடக்குது. ஒருநா உக்காந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை சமையல் இல்லை. ஜீப் புங்கமரத்தடியில் நின்றது. சிந்தாமணி ஜன்னலோரம் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தபடி வெளியே ஒரு கண் வைத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கோழி ஜீப்புக்கு அடியில் போய்விட்டு வந்தது. பிறகு ஒரு குளவி வந்தது. கால்களுக்கிடையில் ஈரமண் உருண்டை. நேராக இடதுபக்க ஜெட்டின்மேல் இறங்கி, மண்ணை வைத்து, தலையால் தட்டித் தட்டிப் பூசி, சுற்றி வந்து பார்த்துவிட்டுப் பறந்தது. சற்று நேரத்தில் அடுத்த உருண்டையோடு திரும்பியது. மேஸ்திரி இல்லாமலே வேலை நேரத்தில் வேலை பார்க்கும் கொத்தனாரை அவள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

சிந்தாமணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏங்க! ஆளு மாட்டிக்கிச்சு!"

"எந்த ஆளு?"

"ஜெட்ட அடைக்கிற ஆளு! கையும் களவுமா பாத்துட்டேன். நம்ம வூட்டுலயே குடியிருந்துக்கிட்டு, நம்ம கண்ணு முன்னாடியே திரிஞ்சுக்கிட்டு, என்ன வேல பாத்திருக்குது பாருங்க!"

பேப்பர் கீழே விழும் சத்தம் கேட்டது. சின்னதுரை வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு தடவதான் புள்ள."

"என்னது?"

"சோப்பு. நான் குளிக்கிற சந்தன சோப்பு. அத மட்டும்தான் வெச்சேன், அதுவும் ஒரே ஒரு தடவ. இந்த மண்ணெல்லாம் நானில்ல. அது சத்தியமா எனக்குத் தெரியாது."

சிந்தாமணி கையில் பாதி உரித்த வெங்காயம் அப்படியே நின்றது. வெளியே குளவி அடுத்த உருண்டையோடு வந்து இறங்கியது.

"நான் அந்தக் குளவியச் சொன்னேன்," என்றாள்.

சின்னதுரை ஜன்னல் வழியாகக் குளவியைப் பார்த்தார். தீர்ப்பு ஆனபிறகு வந்து சேர்ந்த சாட்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. காலையில் கிளம்புகிற நேரத்தில் எத்தனை பதற்றம். "ஏன் அப்படிச் செஞ்சீங்க? நான் எங்கயாவது மோதியிருந்தா?"

"அதான் பாட்டிலோட ரெடியா நின்னேனே," என்றார் அவர். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எடைமேடையில அத்தன வருஷம் இருந்தேன். லாரி ஏறும், எடை பாப்பேன், இறங்கிப் போயிடும். எவனுக்கும் என் மூஞ்சி தெரியாது. இந்த ஜீப்புல ஏறுன பிறகுதான் பத்துப் பேரு அண்ணன்னு கூப்புடறான். வூட்டுல உக்காந்தா எனக்கு யாரு இருக்கா? மாடுதான். அதுவும் பேச மாட்டேங்குது."

சிந்தாமணி வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் உரித்த கையால் துடைத்ததால் இன்னும் அதிகமாகத்தான் வழிந்தது.

"வரணும்னா வரேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீதான் வேண்டாம்னுட்டியே."

"அது ஓய்வு கொடுத்தேங்க!"

"நான் கேட்டனா?"

சிந்தாமணி வெங்காயத் தட்டை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு அவள், தான் தோற்றதாகத் தெரியக்கூடாது என்ற குரலில் சொன்னாள்: "பரிமாற ஆளு பத்தல. எவனுக்குக் கத்தரிக்கா ஆகாதுன்னே எனக்குத் தெரியல. நாளையிலேர்ந்து வாங்க. அண்டா பின்னாடி போகட்டும்."

சின்னதுரை அன்றைக்கே புது வேலையில் சேர்ந்துவிட்டார். குளவி வராமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்தார்: இரண்டு பேனா மூடிகள். ஜீப் எங்கே நின்றாலும் இறங்கி இரண்டு ஜெட்டுக்கும் மூடி போடுவார்; கிளம்பும்போது எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். குளவி இரண்டொரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்கு வீடு மாற்றிக்கொண்டு போயிற்று.

ஆர்.சி. புதுப்பிக்கும் நாள் வந்தது. அன்று சாப்பாடு கிடையாது என்று எல்லா இடத்திலும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஜீப்பைக் கழுவி, டயருக்குப் பொட்டு வைத்து, இருவரும் அரியலூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார்கள். வரிசையில் வண்டிகள் நின்றன. நேரம் ஆயிற்று. பிரேக் இன்ஸ்பெக்டர் கையில் அட்டையும் பேனாவுமாக ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார். விளக்குப் போடச் சொன்னார். பிரேக்கைப் பார்த்தார். பிறகு ஜீப்பின் முன்னால் வந்து நின்றார்.

"வைப்பர் போடுங்கம்மா. தண்ணி விடுங்க."

சிந்தாமணி பொத்தானை அழுத்தினாள். மோட்டார் ஙொய்யென்றது. தண்ணீர் வரவில்லை. அவள் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு சந்தன சோப்பு இருந்தது.

"இல்ல, இல்ல!" என்று அவர் இரண்டு கையையும் ஆட்டினார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "அய்யோ, மூடி!"

அதற்குள் அவள் விரல் பதற்றத்தில் பொத்தானை இன்னும் அழுத்திப் பிடித்திருந்தது. டப்பென்று ஒரு சத்தம். ஒரு மூடி எகிறிப் போய் இன்ஸ்பெக்டர் கையிலிருந்த அட்டையில் பட்டு விழுந்தது. டப்பென்று இன்னொன்று, அது எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. இரண்டு கம்பி மாதிரித் தண்ணீர் எழுந்து கண்ணாடியில் விழுந்து அழகாக விரிந்தது. வைப்பர் துடைத்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையிலிருந்த தன் பேனாவில் மாட்டிப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"ரொம்ப நாளா இதுக்கு மூடி இல்லாம இருந்துச்சு," என்றார். "தண்ணி நல்லா வருது. போகலாம்."

வெளியே வந்தபோது உச்சிவெயில். அந்த நேரத்தில் யாருக்கும் பரிமாற வேண்டியதில்லை என்பது இருவருக்கும் விசித்திரமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் போய் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இலை போட்டார்கள். இன்னொருவர் சமைத்த சோறு, இன்னொருவர் பரிமாறும் கை. சிந்தாமணி முதல் வாய் சாப்பிட்டுவிட்டு, சாம்பாரில் பெருங்காயம் தூக்கல், பருப்பு சரியாக வேகவில்லை என்று கணவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். சின்னதுரை தலையாட்டிக்கொண்டே பரிமாறுகிறவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துப்பா."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.